ஒரு நிமிஷம் கண்ணை மூடினால்

முதலில் எனக்குப் பழக்கமானது அவருடைய முதுகுதான்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் இருந்த மருந்துக்கடையில் நான் மருந்தாளுநராக வேலை பார்த்தேன். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, கோவில்பட்டியிலிருந்து நாங்கள் குடிவந்த புதிது. கடை வாசலில் நின்று பார்த்தால் தெருக்கோடியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே முந்தானை அகலத்துக்குக் கடல் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் மருந்து கேட்பார்கள். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து கேட்பார்.

"மா, தலவலி மாத்திர ரெண்டு குடு" என்று தெருவைப் பார்த்துச் சொல்வார். வலது கை மட்டும் பின்னால் நீண்டு கண்ணாடிப் பெட்டியின் மேல் வந்து உட்காரும். மாத்திரையை அந்தக் கையில் வைத்தால் விரல்கள் மூடிக்கொள்ளும்.

எனக்குக் கோபமாக வந்தது. எங்கள் ஊரில் இப்படி நின்று சாமான் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கடை முதலாளிதான் சமாதானம் சொன்னார்.

"கோச்சுக்காதீங்க மேடம். அவுரு லைஃப்கார்டு. பொண்டாட்டி கிட்ட பேசறப்பகூட அப்டித்தான் நிப்பாரு."

ஊருக்கு வடக்கே கடலோரமாக இருந்த ஒரு ஓட்டலில் அவருக்கு வேலை. மணலில் உயரமான இரும்பு நாற்காலி, இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். கொடிகளுக்கு நடுவில் குளிக்கிறவர்களைக் கரைசேர்ப்பது அவர் பொறுப்பு. பக்கத்துக் குப்பத்துக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். வெயில் குடித்த தோள்கள்; மஞ்சள் பனியன் வெளுத்து எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்திருக்கும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "இப்ப உங்களுக்கு வேலை நேரம் இல்லல்லா அண்ணே?"

"இல்லமா. நாஸ்தா துன்ன வந்தேன்."

"பெறவு எதுக்கு அங்கயே பாத்துட்டு நிக்கீங்க?"

"இப்போ டூட்டி இல்லனு எனுக்குத் தெரிது. கண்ணுக்கு யாரு சொல்றது?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வந்தால் வேறு வேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். "நீ மருந்து விக்கியா, ஆளுகள ஆராய்ச்சி பண்ணுதியா?" என்று என் கணவர் சிரிப்பார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கூடப்பிறந்த தம்பி அலையில் போனதிலிருந்துதான் இப்படி என்றார் டீக்கடைக்காரர். சுனாமியின்போது மனைவியைத் தேடி மூன்று நாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கண் அப்படியே நின்றுவிட்டது என்றாள் பூக்காரி. எனக்கு ஆவலை அடக்க முடியவில்லை. இரண்டையும் அவரிடமே சொன்னேன்.

முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"தம்பி திருக்கழுக்குன்றத்துல கறிக்கட வெச்சிகினு கீறான். பொண்டாட்டி வூட்ல மீன் ஆய்ஞ்சிகினு கீது. ரெண்டு பேரும் நல்லாத்தான் கீறாங்க."

"அப்ப என்னதான் காரணம்?"

"மூழ்கறவன் கத்த மாட்டாம்மா. அதான் காரணம். கத்தறவன், கைய ஆட்றவன், அவன்லாம் வெளாட்றான். மூழ்கறவன் வாய மேல தூக்கிகினு, சத்தமே இல்லாம, ஒரே எடத்துல நிப்பான். அவ்ளோதான் அடயாளம். அது காதுக்கு வராது, கண்ணுக்குத்தான் வரும். கண்ண கொட்டிட்டுப் பாத்தா ஆளு இருக்க மாட்டான்."

சொல்லிவிட்டு, கையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவர் முகத்தை முழுசாகப் பார்த்தது ஒரு கோடைக்காலத்தில். கடைக்குள் காற்றாடிக்கு நேராக வந்து நின்றவர், காற்று பட்டதும் சடாரென்று திரும்பினார். நான் திடுக்கிட்டுப் போனேன். இரண்டு கண்ணும் கோவைப்பழம். கன்னம் இரண்டிலும் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே, என்ன ஆச்சு? வீட்ல ஏதும்..."

"நீயுமா? வழில மூணு பேரு கேட்டாங்க, யாரு செத்துட்டாங்கனு. ஒண்ணும் இல்லமா. கண்ண வெள்ளயாக்குற சொட்டு கீதே, அது ஒண்ணு குடு."

அந்தச் சொட்டு மருந்தை அவர் வேறு ஒரு கடையில் மாதக்கணக்காக வாங்கிவந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது. அதற்குக் காரணம் ஓட்டல் மேனேஜர். சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் குடித்துவிட்டு நாற்காலியில் ஏறுகிறான் என்று அவருக்குச் சந்தேகம்.

"தெனிக்கும் காத்தால வந்ததும் மூஞ்சில ஊதச் சொல்றாம்மா. நா பீடிகூட புடிச்சதில்ல. ஊதுறேன், வாசன இல்ல, ஆனா கண்ணு செவப்பா கீது. வேற இன்னாமோ போட்டுகினு வர்றான்னு நெனைக்கறான். கெஸ்ட்டுங்க ரெண்டு பேரு கம்ப்ளைண்ட் குடுத்துட்டாங்களாம். வேலைக்கே பேஜாரா பூடும் போல கீது."

மருந்து போட்டால் கண் ஒரு மணி நேரம் வெளுக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும் என்றார். அது அப்படித்தான். கண்ணில் இருக்கும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து அது. அதன் வேகம் தீர்ந்ததும் குழாய்கள் பழிவாங்குவதுபோல விரியும். தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் சிவப்பே நிரந்தரமாகிவிடும்.

மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறதா, காற்று பட்டால் எரிகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"கண்ணு காஞ்சு போயிருக்கு அண்ணே" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். தாடையிலிருந்து ஒரு சொட்டு என் கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்தது.

"இன்னாமா சொல்ற? தொடச்சிகினே கீறேன், நிக்காம ஊத்துது. காய்ஞ்சி பூட்ச்சுன்ற?"

"காஞ்சதாலதான் ஊத்துது. கண்ணு மேல எப்பவும் ஒரு ஈரப் படலம் நிக்கணும். நாம கண்ணக் கொட்டுறப்பல்லாம் இமை அதப் பூசிவிடும். நீங்க கொட்டுறதே இல்ல. மேல உப்புக் காத்து, வெயிலு. படலம் போச்சுன்னா கண்ணு உறுத்தும். உறுத்துனா ஒரேயடியாத் தண்ணியக் கொட்டும். ஆனா அது வெறுந் தண்ணி. கண்ணுல ஒட்டாம கன்னத்துல ஓடிரும்."

கொஞ்சம் யோசித்தார். "மதுராந்தகம் ஏரி ஒடைஞ்சா ஊரெல்லாம் தண்ணி, ஏரில இருக்காது. அத்த மாரியா?"

"அதே மாதிரிதான்."

"தோ பார்றா" என்றார், யாரைப் பற்றியோ கேள்விப்பட்டவர்போல.

இதற்கு முன் என்னென்ன போட்டுப் பார்த்தார் என்று கேட்டேன். அந்தப் பட்டியலை நினைத்தால் இன்றும் பயமாகவும் சிரிப்பாகவும் இருக்கிறது. பன்னீர், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியின் பால். ஒருமுறை மைத்துனர் பேச்சைக் கேட்டுத் தேன் விட்டுக்கொண்டு மணலில் உருண்டிருக்கிறார். இனி எதுவும் வேண்டாம் என்றேன். கண்ணை ஈரமாக வைத்திருக்கும் சாதாரணச் சொட்டு மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம், ஆனாலும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள், வேறு கோளாறு ஏதும் இல்லையென்று தெரிந்துகொள்வது நல்லது என்றேன்.

"இதுல இன்னா கீது?"

"கண்ணீரு மாதிரி செஞ்சது அண்ணே."

"விக்கிறாங்களா? எங்க குப்பத்துல சும்மாவே கெடைக்குதே" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனை கண்ணில் படக்கூடாது, திறந்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று சொன்னதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார். கடைசியாக, போட்டதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்றேன்.

அதைக் கேட்டதும் புட்டியைப் பெட்டி மேல் வைத்துவிட்டார்.

"அது ஆவாது."

"ஒரு நிமிஷந்தான் அண்ணே."

"ஒரு நிமிஷம் போதும்மா."

எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும்போது மட்டுமாவது போடுங்கள் என்று கெஞ்சி, புட்டியை அவர் கையில் வைத்து நானே விரல்களை மூடினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை ஒரு வேடிக்கை பார்த்தவர்போல வந்து சொன்னார். "கண்ணுக்கும் எமைக்கும் நடுவுல ஒரு பேப்பரச் சொருகி தொங்க வுட்டுட்டாங்கமா. சீட்டு கிழிச்ச பஸ் கண்டக்டர் மாரி குந்திகினு கீறேன். பேப்பரு நனையவே இல்ல. டாக்டரம்மா எட்த்து பாத்துட்டு, 'இன்னாய்யா, கருவாடு மாரி காய வெச்சிகினு கீற'ன்னுச்சி." சதை வளரவில்லை, புரை இல்லை, வறட்சிதான், இதே மருந்தைப் போடு, கண்ணைக் கொட்டு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டில் மட்டும் போட்டால் போதவில்லை. நாற்காலியில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பழையபடி எரிந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழியை ஒரு சாயங்காலம் நேரிலேயே பார்த்தேன். வேலை முடிந்து பேருந்துக்குப் போகாமல், வேண்டுமென்றே மணலில் நடந்து அவர் இருக்கும் இடத்துக்குப் போனேன். நாற்காலியின் மேல் அண்ணாந்து உட்கார்ந்து இடது கண்ணில் மட்டும் ஒரு சொட்டு விட்டு, அதை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கடலை முறைத்துக்கொண்டிருந்தார். இடது கண் தெளிந்ததும் வலது கண்ணுக்கு மாறினார். ஒரு கண் தூங்கும்போது ஒரு கண் காவல்.

"எப்டி?" என்றார், நான் வந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டு.

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல அண்ணே" என்றேன்.

பெருமையாக இருந்திருக்க வேண்டும். விசிலை எடுத்துச் சும்மா ஒருதரம் ஊதினார்.

நாலைந்து வாரம் அவர் கடைப் பக்கம் வரவில்லை. மறுபடி வந்தது ஒரு மத்தியானம். கடையில் வேறு யாரும் இல்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் வெள்ளையாக இருந்தன. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"பாத்தீங்களா! கண்ணு எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எம்மா, கண்ணு காய்ஞ்சி கெடந்தா பார்வையும் கொறையுமா?"

"ஆமாண்ணே. படலம் கலைஞ்சா மங்கலாத் தெரியும். கண்ணக் கொட்டுனா கொஞ்சம் தெளியும், மறுபடி மங்கும்."

"இப்போ எனுக்கு அலைக்கு அந்தாண்ட கட்டி வுட்ட மெதவ தெரிது. ஒவ்வொண்ணாத் தெரிது. முன்ன ஒரு கோடாத்தான் தெரியும். கோடுதான் போலன்னு நெனச்சிகினு இருந்தேன். ஆளுங்க தல தெரிது. தலைல முடி தெரிது. போன வாரம் ஒர்த்தன் தூரத்துல வாய மேல தூக்கிகினு நின்னான். பாத்துட்டேன். போய் இஸ்துகினு வந்துட்டேன்."

"நல்லதுதானே அண்ணே?"

"மின்னயே எனுக்கு இப்டி தெரிஞ்சிருக்கணும்ல?"

அப்போதுதான் அதைச் சொன்னார். முந்தின வருஷம் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் கொடிகளுக்கு நடுவிலேயே மூழ்கிப் போயிருந்தார். அவர் மனைவி கரையிலிருந்து கத்திய பிறகுதான் இவருக்குத் தெரிந்தது. இவர் நீந்திப் போய் எடுத்து வந்தபோது உயிர் இல்லை.

"நா வேற எங்கயும் பாக்கலமா. அந்தப் பக்கந்தான் பாத்துகினு இருந்தேன். பாத்துகினேதான் இருந்தேன். கடலு ஒரு செகண்ட்ல இட்டுகினு பூட்ச்சு, நா இன்னா செய்யறதுனு மனச தேத்திக்கினேன். அந்தாளு பொண்டாட்டி என் கைய புடிச்சிகினு, 'நீங்க உங்களால முடிஞ்சத செஞ்சீங்க'னு இங்கிலீஸ்ல சொல்லிச்சு. மேனேஜரு எனுக்கு தமிழ்ல சொன்னாரு." என் பக்கமாகக் குனிந்தார். "நீ மருந்து படிச்சவ. சொல்லு. அன்னிக்கே என் கண்ணு இப்டித்தான் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆம் என்று சொல்லவும் எனக்கு எதுவும் தெரியாது.

"தெரியல அண்ணே. அத இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"ம்" என்றார். "டாக்டரம்மாவும் அத்தயேதான் சொல்லிச்சு."

அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. உபகாரம் செய்ததாக நினைத்த எனக்கு, அந்தப் புட்டிகள் அடுக்கிய தட்டைப் பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. கண்ணைத் தெளியவைத்தால் பின்னால் இருப்பதும் தெரியும் என்று யார் நினைத்தார்கள்?

அடுத்து அவர் செய்தது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நேராக மேனேஜரிடம் போய்ப் பழைய சங்கதியைச் சொல்லியிருக்கிறார். தன் கண் அன்று சரியாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது சரி, ஆனால் ஒரே ஆள் பார்த்தால் போதாது, இரண்டாவதாக ஒருவரைப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாராம். முடிந்துபோனதைக் கிளறாதே, வெளியில் சொன்னால் உன்னை வேலையில் வைத்திருக்க முடியாது, உனக்குக் கண் மருந்து போட நேரம் வேண்டும் என்பதற்காக இன்னொருத்தனுக்குச் சம்பளம் தர முடியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்றது? சரினேன். வந்து சேர்ல ஏறி குந்திகினேன்." அப்புறம், "ஒத்தக் கண்ணு வேலைலாம் இனிமே இல்லமா. ஒத்தக் கண்ணுல பாக்கறது பாக்கறதே இல்ல" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது மறு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர்களை அனுப்பிவிட்டு நானும் என் கணவரும் கடலோரமாக வடக்கே நடந்தோம். ஓட்டலில் நல்ல கூட்டம். கொடிகளுக்கு நடுவில் குழந்தைகளும் பெரியவர்களுமாக அலையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று விசில் சத்தம். விட்டு விட்டு இல்லை, ஒரே நீளமாக. அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தண்ணீர் விளிம்புக்கு வந்து, இரண்டு கையாலும் எல்லோரையும் கரைக்கு வாரினார்.

"வா, வா, வெளில வா! எல்லாம் வெளில! அண்ணாத்த, ஒன்ன தனியா கூப்பிடணுமா? கம், கம்!"

அலறியடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். சுறாவா என்று ஒருவர் கேட்டார். ஒரு தாய் தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். கடைசி ஆளும் மணலுக்கு வந்த பிறகு, அவர் இன்னொரு தடவை தண்ணீரைக் கோடியிலிருந்து கோடி வரை பார்த்தார். பிறகு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிராயர் பையிலிருந்து புட்டியை எடுத்து, அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டுக்கொண்டு, இரண்டையும் மூடினார்.

அவர் கண் மூடியிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகமே வேறாக இருந்தது. யாரோ களைத்துப்போன ஒரு மனிதர்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கா கூப்டான்?" என்று ஒருவர் கோபமாக ஓட்டலைப் பார்த்து நடந்தார். முழங்கால்வரை நனைந்த சுடிதாரோடு என் பக்கத்தில் நின்ற ஒரு வடநாட்டுப் பெண்மணி என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: கண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறார், ஒரு நிமிஷம் திறக்கக்கூடாது, அந்த ஒரு நிமிஷம் கடலைப் பார்க்க வேறு ஆள் இல்லை. அந்தப் பெண்மணி அவரையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு, கடலைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டார். தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார், அவரும் திரும்பினார். பிள்ளைகளை எண்ணிய தாயும் திரும்பினாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையில் நின்ற எல்லோரும், தண்ணீர் சொட்டச் சொட்ட, காலியான கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு தூரத்தில் பார்த்தார்.

அவர் கண்ணைத் திறந்தார். ஒரு கூட்டமே மூச்சுவிடாமல் கடலைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் புட்டியை மணலில் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"இன்னா? இன்னா பாக்கறீங்க? யாருனா உள்ள கீறாங்களா? எங்க?"

பனியனைக் கழற்றிக்கொண்டே அலையை நோக்கி ஓடினார். நான் பின்னால் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"யாரும் இல்ல அண்ணே! உள்ள யாருமே இல்ல. நீங்க கண்ண மூடியிருந்தீங்கல்லா, அதான் நாங்க பாத்துட்டு நிக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்தது மருந்தா வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பனியனை மறுபடி மாட்டிக்கொண்டார். அவசரத்தில் உள்பக்கம் வெளியே இருந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "போங்கப்பா, போய் குளிங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.